குடிலுக்கு வந்த சொந்தக்காரர்

அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவைக் கொழும்பு கொட்டாஞ்சேனைப் பொடியன்கள் 'ரிலவா மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். சிங்களத்தில் ரிலவா என்றால் குரங்கு. மனிதனுக்கும் குரங்குக்கும் முப்பாட்டன் ஒருவன்தான் என்று ஒருமுறை சொன்னதற்காக ஊர் கொடுத்த பேர். மாமாவுக்குக் கோபமே வராது, சிரித்துக்கொண்டு போய்விடுவார். கோபமெல்லாம் எனக்குத்தான். பெட்டைப்பிள்ளையான நான் ஒருவனைக் கல்லால் எறிந்தும் இருக்கிறேன். பட்டது, சந்தோஷம்.

மாமா மலைநாட்டு நத்தைகளை ஆராய்ந்தவர். ஒரு மலையில் ஒருவிதமாக இருக்கும் நத்தை, பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த மலைக்குப் போனால் வேறுவிதமாக இருக்குமாம். இரண்டும் ஒருதாய் மக்கள், பிரிந்து கிடந்ததால் மாறிப்போனவை. இதைக் கண்டுபிடிக்க அட்டைக்கடி பட்டு, குளிரில் நடுங்கி, விடுமுறையெல்லாம் காட்டிலே கிடந்தார். பிற்காலத்தில் வெளிநாட்டுப் பேராசிரியர்கள் அவரைத் தேடிக் கப்பலேறி வந்தார்கள். ஆனால் நான் சொல்லுவது வெள்ளைக்காரன் ஆட்சி முடியப்போகிற காலம். அப்போது அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். பங்குச் சுவாமியார்தான் பள்ளிக்கூடத்துக்கு மனேஜர். மாமாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும், நாலு பேரிடம் சொல்லி லண்டனுக்குப் படிக்க அனுப்பியவரும் அவரேதான்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஒரு நாள் வேலை இருந்தால் மறுநாள் இருக்காது. எங்களோடு இருந்த மாமாவின் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. ஆகையால் அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். நகரத்தின் மறுகோடியான வெள்ளவத்தையில் என்ன வேண்டுமானாலும் பேசலாம், கொட்டாஞ்சேனையில் வாய் திறக்கக் கூடாது. சுவாமியாருக்கும் இது சம்மதம். இடையிலுள்ள காலிமுகத்திடலுக்கு அந்தப் பக்கம் ஒரு உண்மை, இந்தப் பக்கம் ஒரு உண்மை என்று பெரியவர்கள் எப்படித்தான் ஒப்புக்கொண்டார்களோ! மாமாவும் அக்காள் குடும்பத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஒருமுறை வெள்ளவத்தை வாசிகசாலை ஒன்றில் அவர் பேசுகிறார் என்று எங்களையும் ரெயிலில் கூட்டிப்போனார்கள். மண்டபம் நிறையக் கோட்டும் தலைப்பாகையுமாக ஆட்கள். பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. முடிவில் ஒரு பெரிய மனிதர் எழும்பி, உயர்ந்த சாதிக்காரனின் இரத்தம் வேறு என்று விஞ்ஞானம் சொல்லுகிறதல்லவா என்று கேட்டார். மண்டபத்தில் பாதிப்பேர் அந்தப் பதிலுக்காகவே வந்தவர்கள் போலக் கழுத்தை நீட்டினார்கள்.

மாமா தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இரத்தத்தில சாதியைத் தேடினா கிடைக்காது, ஐயா. தமிழன், சிங்களவன், வெள்ளைக்காரன் எண்டு எழுதியும் இருக்காது. பின்னுக்குப் போகப் போக எல்லாரும் சொந்தம். இன்னும் போனா தேவாங்கு சொந்தம், ஓணான் சொந்தம், மீனும் சொந்தம்."

பெரிய மனிதர் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பின்வரிசையில் இருந்த சிலர் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்ல எத்தனை துணிச்சல் வேண்டும் என்பதெல்லாம் அந்த வயதில் தெரியாது. எங்கள் மாமா பேசினார், ஒரு ஆள் ஓடிப்போனார், அவ்வளவுதான் எனக்கு.

பிறகு நத்தார், கிறிஸ்து பிறந்த திருநாள், வந்தது. அம்மா குழந்தை இயேசுவுக்குப் பாலன் குடில் கட்டினாள். வைக்கோல், மாடு, கழுதை, இடையர்கள் எல்லாம் வைத்தாயிற்று. பாலனைத் தேடி வந்த மூன்று இராசாக்களை மட்டும் அவர்கள் திருநாள் வரும்வரை பெட்டியை விட்டு வெளியே எடுக்கக் கூடாது, அது வழக்கம். அதனால் குடிலின் முன்பக்கம் வெறிச்சென்று கிடந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. என் தம்பி பிறந்தபோது நீர்கொழும்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் சாதிசனம் வந்து வீடு கொள்ளாமல் நின்றது. பாலனைப் பார்க்கவோ ஒரு சொந்தக்காரன் இல்லை. இடையர்கள் அயலட்டைதானே, சொந்தமா?

மாமாவின் அறையில்தான் சொந்தக்காரர் எத்தனை பேர்! போத்தலில் ஊறிய மீன் ஒன்று, காய்ந்த ஓணான் ஒன்று, பஞ்சடைத்துப் பாடம் செய்த தேவாங்கு ஒன்று, நத்தைகள் ஒரு கூடை. எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுக்கினேன். முறை தெரிந்த பிள்ளை நான். தூரத்துச் சொந்தத்தைப் பின்னால் நிறுத்திக் கிட்டின சொந்தமான தேவாங்கைப் பாலனின் தலைமாட்டிலேயே இருத்தினேன். அது தன் பெரிய கண்களை விரித்து, பிள்ளை யாரைப்போல் இருக்கிறது என்று யோசிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் சுவாமியார் ஒழுங்கையில் வீடுவீடாகத் தீர்த்தம் தெளித்துக் குடில் மந்திரிக்க வந்தார். அவர் பின்னால் பாட்டுக்காரப் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் பாதி ஒழுங்கை. உள்ளே வந்து குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். அம்மாவின் முகத்தில் இரத்தம் இல்லை. வாசலில் யாரோ "ரிலவா" என்று முணுமுணுத்தார்கள்.

யார் வைத்தது என்று சுவாமியார் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நான்தான் சுவாமி. எல்லாம் பாலனிட சொந்தக்காரர். மாமாதான் சொன்னவர்" என்றேன்.

அவர் பொல்லாதவர் அல்ல. தாடிக்குள்ளே சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். ஆனால் வாசலில் ஊர் நின்றது. மாமாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, தணிந்த குரலில், "தம்பி, நீ பகிடிக்கு விளையாட்டாச் சொன்னதை இவள் நம்பிட்டாள். பகிடி எண்டு பிள்ளைக்கு ஒருக்காச் சொல்லிவிடு. நான் தீர்த்தம் தெளிச்சிட்டுப் போறன்" என்றார்.

அவ்வளவுதான், ஒரே ஒரு சொல். அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா தன் தம்பியைக் கண்ணாலேயே கெஞ்சினாள். மாமா எனக்கு முன்னால் குந்தினார். என் முகத்தைப் பார்த்தார். சரிந்திருந்த தேவாங்கை நிமிர்த்தி வைத்துவிட்டு எழும்பினார்.

"இல்லைச் சுவாமி. நான் பகிடிக்குச் சொல்லேல்லை. பிள்ளைக்குச் சரியாத்தான் விளங்கியிருக்கு."

"நான் மனேஜரும்தானே, தம்பி."

"தெரியும் சுவாமி."

சுவாமியார் தீர்த்தத்தைத் தெளித்தார், ஒருவரையும் விடாமல். தேவாங்கும் நனைந்தது. அம்மா நீட்டிய கேக்கை மட்டும் எடுக்காமல் போய்விட்டார். நாங்கள் வென்றுவிட்டோம் என்றே நான் நினைத்தேன். அன்றைக்கு நினைத்தது பிழையென்று இந்த வயதிலும் என்னால் சொல்ல முடியவில்லை. மண்டபத்தில் ஊரை எதிர்த்துப் பேசியவர்களைப் பிற்பாடு நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு சின்னப் பிள்ளையிடம் பொய் சொல்ல மாட்டேன் என்று நின்றவரை இவரைத் தவிர நான் கண்டதில்லை.

தைமாதம் பள்ளிக்கூடம் திறந்தது. மாமா போகவில்லை. அவருக்கு மட்டும் லீவு நீண்டுவிட்டது என்று அறிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னேரங்களில் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பாறை இடுக்கில் நண்டு காட்டினார். வீட்டில் மீன்குழம்பு நின்று பருப்பு வந்தது. அம்மா கை கடிக்கிறது என்று காப்புகளைக் கழற்றிவிட்டாள். அதற்கும் மாமாவின் லீவுக்கும் என்ன சம்பந்தம்?

பொழுதுபட்டதும் எல்லாரும் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லுவோம். முடிவில் ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாமாவுக்கு இந்த லீவு ஒருநாளும் முடியக் கூடாது ஆண்டவரே என்று உரக்க மன்றாடினேன்.

அம்மா எழும்பிக் குசினிக்குள் போனாள். என் மன்றாட்டுக்கு ஏன் ஆமென் வரவில்லை என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போது மாமா மட்டும், பாட்டுக்குத் தாளம் போடுகிறவர்போல் என் முதுகில் மெல்லத் தட்டி, "ஆமென்" என்றார்.