மொட்டைமாடி மல்லியும் மூன்று நாளும்

தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்த கன்னியம்மா, 1998இல் செங்கல்பட்டில் அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்ததே மொட்டைமாடிக்காகத்தான். அங்கிருந்து பார்த்தால் கொளவாய் ஏரி தெரியும். வந்த முதல் ஞாயிறே கணவர் எல்லப்பனைக் கூட்டிப்போய்த் தரையில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினார். மேற்கு வெயிலுக்குப் பாகல் பந்தல், அதன் நிழலில் உட்கார ஒரு கல், சுற்றிலும் ஓட்டை வாளி, எண்ணெய் டின் என்று கிடைத்ததிலெல்லாம் செடி.

எல்லப்பன் கல்பாக்கம் ஊழியர் பஸ் ஓட்டுபவர். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில் விரிசல் விட்டதென்று ஒதுக்கிய பலகைக்கல்லை வாங்கி டெம்போவில் கொண்டுவந்தார். நாலு பேர் தூக்கினார்கள். எல்லப்பன் யோசனை சொன்னார்.

கீழே இருந்த வீட்டுக்காரர் சௌந்தரவல்லி மாமி, தோட்டத்துக்கு ஒரு தொட்டி குண்டுமல்லியும் ஒரு நிபந்தனையும் கொடுத்தார்.

"அந்த மூணு நாள் மட்டும் மேலே போகாதே. மல்லி கருகிடும்."

"யாரு வந்தாங்கன்னு மல்லிக்கு எப்படி மாமி தெரியும்?"

"தெரியும்."

உலகத்தில் பாதிப் பேருக்கு வருவது அது. அந்தப் பாதிப் பேர்தான் மதுராந்தகம் வரைக்கும் நாற்று நட்டு ஊருக்குச் சோறு போடுகிறார்கள். எந்த நெல்லும் இதுவரை முகம் சுளித்ததாகத் தகவல் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், கன்னியம்மாவுக்கு முந்தின வருஷமே ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது. மாமிக்கு அது தெரியாது.

"ஒரே வார்த்தைமே, சொல்லிடேன். பேஜாரு வுட்டுச்சு" என்றார் எல்லப்பன்.

"எனக்கு இல்லன்னு சொன்னா இன்னா அர்த்தம்? இருக்கறவளுக்கு அந்தச் சட்டம் சரின்னு ஆவாதா? கீழ கோதை மூணு நாளும் பின்கட்டுல குந்திகினு கீது. அது மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

கோதை மாமியின் மகள். கல்லூரியில் இயற்பியல் படித்தாள். வீட்டில் அந்த நாட்களில் தனித் தட்டு, தனிப் பாய்.

கன்னியம்மா சொல்லவில்லை, தினமும் மாடி ஏறினார். மாமியும் தினமும் மல்லியைச் சோதித்தார். ஓர் இலை பழுத்தால் போதும், "நேத்து ஏறினியா?" என்பார்.

"ஏறினேன் மாமி."

"அதான்."

ஒரு மாதம் முதல் வாரத்தில் இலை பழுத்தது, அடுத்த மாதம் கடைசி வாரத்தில். ஒரே மாதத்தில் இரண்டு தடவைகூடப் பழுத்தது. மாமியின் கணக்குப்படி கன்னியம்மாவின் உடம்பு எந்த டாக்டருக்கும் பிடிபடாத உடம்பு.

மாசியில் மல்லி ஏறக்குறைய மொட்டையாகி நின்றது. மாமி மூச்சு வாங்க மேலே வந்தார்.

"பங்குனிக்குள்ள மாடி காலியாகணும். தொட்டி, பந்தல், இந்தக் கல், எல்லாம். நானும் என்னதான் பண்ணுவேன்? நீ ஏறினது தெரிஞ்ச உடனே கோமியம் ஊத்தி சுத்தி பண்ணிண்டுதான் இருக்கேன். அப்பவும் தீட்டு போகலை."

கன்னியம்மா குனிந்து தொட்டி மண்ணை முகர்ந்தார்.

"எவ்ளோ தண்ணி கலந்தீங்க?"

"கோமியத்துல யாராவது தண்ணி கலப்பாளா? அசல் கோமியம்."

கன்னியம்மா கருங்குழிப் பக்கத்து விவசாயக் குடும்பம். "பத்துப் பங்கு தண்ணி ஊத்தாத வுட்டா புல்லே கருகிடும் மாமி" என்றார். வெயிலில் ஓர் இலை பழுக்கும். மாமி கோமியம் ஊற்றுவார். நாலு இலை பழுக்கும். தீட்டு முற்றிவிட்டதென்று இன்னொரு சொம்பு ஊற்றுவார். செடியைக் கருக்கியது மருந்து. பழி மட்டும் பெண்ணுக்கு.

மாமி நம்பவில்லை. கன்னியம்மா பந்தயம் கட்டினார்.

"பங்குனி முடியறவரைக்கும் நீங்க ஒண்ணும் ஊத்தாதீங்க. நான் எல்லா நாளும் ஏறுவேன், எல்லா நாளும் தொடுவேன். செடி செத்துட்டா நானே மாடிய வுட்டுட்டுப் போறேன்."

மண்ணை மாற்றினார், காய்ந்த கிளைகளை வெட்டினார். எல்லப்பன் தினமும் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் மல்லியைப் பார்த்துவிட்டு வந்தார். பங்குனிக் கடைசியில் கணுவுக்குக் கணு துளிர், நுனியில் மொக்கு. மாமி வந்து பார்த்தார்.

"எல்லா நாளும் ஏறினியா?"

"எல்லா நாளும்."

மாமி ஒரு மொக்கைத் திருப்பிப் பார்த்தார். "சரி. தொட்டியெல்லாம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அறிவியல்படி இது பாதிச் சோதனைதான். அந்த நாளே வராதவர் தொட்டால் மல்லி பிழைக்கும் என்பது மட்டும்தான் தெரிந்தது. கன்னியம்மாவுக்கும் அது உறுத்தியது. மீதிப் பாதியை யாரும் கேட்காமலே கோதை செய்தாள். சித்திரையில் ஒரு நாள் பின்கட்டிலிருந்து நேரே மாடி ஏறி, குடத்தைச் சாய்த்து எல்லாச் செடிக்கும் தண்ணீர் விட்டாள். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் கல்லில் கால் நீட்டி உட்கார்ந்து மொக்குப் பறித்தாள். மல்லி வாடவில்லை.

கீழேயிருந்து மாமி குரல் கொடுத்தார். "கோதை, மேலே என்னடி பண்றே?"

"மொக்கு பறிக்கறேம்மா."

மாமி குக்கரை அணைத்துவிட்டு மாடிப்படி அடிக்கு வந்தார்.

"அது பெருமாளுக்கு வேண்டாம். நீயே தலையில வெச்சுக்கோ."

பந்தலடியில் இருந்த கன்னியம்மா பூக்கட்டும் நாரை நீட்டினார். "நீ வெச்சுக்கம்மா. பெருமாளு கேட்டாருன்னா அப்பாலப் பாத்துக்கலாம்."