டாப் கியரில் கோத்தகிரி வரை

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அம்பத்தூர் ரயில்வே கேட் வழக்கம்போல மூடியிருந்தது. பைக்கை ஆஃப் செய்துவிட்டு நின்றேன். பக்கத்து ஆட்டோவிலிருந்து ஒரு அம்மாள் தலையை நீட்டினார்.

“ஏம்மா, நீதான மலைக்கு வண்டி ஓட்டிகினு போன பொண்ணு?”

“ஆமாம்மா.”

“கூட யாரு வந்தது?”

“யாரும் வரலை.”

“ஊட்டுக்காரரு?”

“வீட்டுல இருந்தாரு.”

“அவரு ஒண்ணியும் சொல்லலையா?”

“எலுமிச்சை சாதம் கட்டிக் குடுத்தாரு.”

அம்மாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ரயில் போனது, கேட் திறந்தது, அவரவர் வழியில் போனோம்.

ஊர் திரும்பியதிலிருந்து இதே விசாரணைதான். வேலை செய்யும் கம்பெனியில், ரேஷன் கடையில், மாவு மிஷினில்… ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது சுலபம்.

முதலில், ஏன் போனேன்? தினமும் சேக்காட்டிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வண்டியில் போகிறேன். வழியில் மாடு, லாரி, சைக்கிள், பள்ளம். மூன்றாவது கியர் போட்டாலே பெரிய சாதனை. நன்றாக ஓடக்கூடிய ஒரு பைக்கை வாங்கி வைத்துக்கொண்டு, அதை டாப் கியரில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல ஓட்டியதே இல்லை. இது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. கோத்தகிரியில் பள்ளித் தோழி ஸ்டெல்லா டீச்சராக இருக்கிறாள். ஆயுத பூஜைக்குக் கம்பெனி லீவு விட்டது. இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

என் கணவர் சேகர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“நானும் லீவு போட்டுட்டு வரட்டா?”

“வாங்க. ஆனா பின்னாடிதான் உக்காரணும்.”

கொஞ்சம் யோசித்தார். “அப்போ நீ போய்ட்டு வா. எனுக்கு இடுப்பு தாங்காது.”

பூந்தமல்லியில் மெக்கானிக் காதர் பாய் செயினை இறுக்கி, பிரேக்கைச் சரிபார்த்து, மாற்று ஸ்பார்க் பிளக் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். “மழையில பிரேக்க ஒரேடியா அமுக்காத தங்கச்சி. வண்டி நல்லா கீது. தைரியமா போ” என்றார்.

போனேன்.

செம்பரம்பாக்கம் ஏரிக்காற்று சட்டைக்குள் புகுந்து விளையாடியது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் சாலை காலியாக நீண்டது. டாப் கியர். வண்டியின் சத்தமே மாறிப்போனது. இத்தனை நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்த ஜீவன் வாய் விட்டுப் பாடியது என்றுதான் சொல்ல வேண்டும். நானும் ஹெல்மெட்டுக்குள் பாடினேன். யார் கேட்கப்போகிறார்கள்?

வேலூர்ப் பக்கம் பாறை மலைகள் அனல் கக்கின. ஐப்பசி மாதம் என்று அந்த மலைகளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கிருஷ்ணகிரி தாண்டியதும் வானம் கறுத்தது. தொப்பூர் இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர எதுவும் தெரியவில்லை. காதர் பாய் சொன்னபடி பிரேக்கை மெல்ல மெல்லப் பிடித்து, இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். ஹெட்லைட்டில் வைத்திருந்த சந்தனமும் குங்குமமும் கரைந்து ஓடின. நான் கரையவில்லை. சேலத்தில் சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷூவுக்குள் தண்ணீர், வயிற்றில் பசி, மனத்துக்குள் கொள்ளைச் சந்தோஷம்.

மறுநாள் சங்ககிரியில் வெயில் காயவைத்தது. பவானியில் ஆறு நிறைந்து போனது. மேட்டுப்பாளையத்தில் பாக்குமர நிழல். அதற்குப் பிறகு மலை, பனிமூட்டம், குளிர். இரண்டே நாளில் எல்லாப் பருவத்தையும் பார்த்தாகிவிட்டது!

பாதி மலை ஏறியதும் பஸ்களும் லாரிகளும் வரிசையாக நின்றன. முந்தைய நாள் மழையில் மண் சரிந்து சாலையில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருந்தது. மண்வெட்டியோடு நின்ற சாலைப் பணியாளரிடம் விசாரித்தேன்.

“பெரிய வண்டி நாளைக்குத்தானுங்க. ரெண்டு சக்கரம்னா ஓரமாத் தள்ளிட்டுப் போலாம். காலைல ரெண்டு மூணு பேரு போனாங்க” என்றார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். “வேண்டாமுங்க. ரோடு மூடிப் போச்சு. பேசாமத் திரும்பிப் போயிருங்க.”

திரும்பிவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. அப்போதுதான் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. நான் ஹெல்மெட்டைக் கழற்றியதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

“ஏனுங்க, நீங்க பொம்பளைதானுங்களே?”

“ஆமாங்க.”

“என்னைக் கோத்தகிரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? பையன் ஆஸ்பத்திரில இருக்கறானுங்க. காய்ச்சல்ல இழுப்பு வந்துருச்சாம். நான் காரமடைல ஒரு துக்கத்துக்குப் போயிருந்தேனுங்க. விடியக்காலைலதான் சேதி வந்துச்சு. காலைல இருந்து ஆம்பளைங்க வண்டியாத்தான் போகுது. எப்படி ஏறிப் போறதுன்னு நின்னுட்டேனுங்க.”

அதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

பயமில்லையா என்று கேட்காதீர்கள். இருந்தது. சாலையின் ஓரத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் வெள்ளை. ஆனால் என் வண்டி எனக்குத் தெரியும். என் கையும் எனக்குத் தெரியும். “பையை என்கிட்டக் குடுங்க. பின்னாடி கேரியரைப் பிடிச்சுத் தள்ளுங்க” என்றேன்.

எஞ்சினை அணைத்துவிட்டு, மண்மேட்டை ஒட்டித் தள்ளினோம். சேறு கணுக்காலை விழுங்கியது. நடுவில் பின்சக்கரம் பள்ளத்தின் பக்கமாக வழுக்கியது. நான் ஹேண்டில்பாரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தன் முழுப் பலத்தோடு கேரியரை மலைப் பக்கமாக இழுத்தார். அந்த ஒல்லி உடம்புக்குள் அவ்வளவு பலம்! சக்கரம் மறுபடி கெட்டி மண்ணைத் தொட்டது. “விடாதீங்க, விடாதீங்க” என்று பணியாளர் ஓடிவந்து கை கொடுத்தார். அந்தப் பக்கம் தார் ரோடு தெரிந்ததும்தான் இருவரும் மூச்சு விட்டோம்.

அதன் பிறகு பனிமூட்டத்துக்குள் ஏறினோம். அவர் பெயர் பழனியம்மா. தேயிலை பறிக்கிற வேலை. என் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

“பையன் பேரு என்ன?”

“கார்த்திங்க. ஒண்ணாங் கிளாஸ்.”

“சேட்டை பண்ணுவானா?”

“சொல்லி முடியாதுங்க.” சிரித்தார் போலிருந்தது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி போய்க்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியவர் பையைக்கூட வாங்காமல் உள்ளே ஓடினார். நான் மஞ்சள் பையோடு மரத்தடியில் நின்றேன். போய்க் கேட்கத் தைரியமில்லை. மண்சரிவைவிட அந்தக் காத்திருப்புதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு வழியாகப் பழனியம்மா வெளியே வந்தார். முகம் பூராவும் கண்ணீர்.

“முழிச்சுட்டானுங்க. காய்ச்சல் எறங்கிருச்சு. பன்னு வேணுங்கறான்” என்றார்.

கடைக்கு நானே போனேன். பக்கத்தில் எஸ்டிடி பூத் இருந்தது. சேகருக்கு போன் போட்டேன்.

“எங்க கீற?”

“ஆஸ்பத்திரி வாசல்ல.”

“இன்னா ஆச்சு?” என்றார் மெதுவாக.

“ஒண்ணும் ஆகலை. பன்னு வாங்க வந்தேன்.”

விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பூத்தில் இருந்த மீட்டர் ஏகத்துக்கும் ஓடிவிட்டது. கடைசியில் அவர் சொன்னது இதுதான்: “சரி, பையன நல்லா பாத்துக்கச் சொல்லு. நீ மெதுவா வா.” ஸ்டெல்லா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

சாலை மூடிவிட்டது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனாலும், ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.