வேலணைக்கு ஒரு சுரங்கம்

நெடுந்தீவுக்கு நான் போனது ஒரு நாள் வேலைக்கு. அங்குள்ள மீனவர் சங்கக் கிளையின் கணினிகளை வேலணைத் தலைமை அலுவலகத்தோடு இணைக்க வேண்டும். பொது இணையத்துக்குள்ளேயே வெளியார் எட்டிப் பார்க்க முடியாத ஒரு வழியை இரு பக்க ரவுட்டர்களும் சேர்ந்து அமைக்கும். எங்கள் தொழிலில் அதைச் சுரங்கம் என்போம். மாலையே திரும்பிவிடலாம் என்று மாற்றுடுப்புக்கூட எடுத்துப் போகவில்லை.

மத்தியானம் காற்று எழும்பியது. படகு ஓடாது என்றார்கள். சுரங்கமும் சரிவரவில்லை. இரண்டு அலுவலகங்களிலும் கணினிகளுக்கு ஒரே முகவரி இலக்கங்களைக் கொடுத்து வைத்திருந்தார்கள். வேலணைக்கு அனுப்புவதையெல்லாம் ரவுட்டர் நெடுந்தீவுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது.

கிளையில் கணக்கெழுதும் அக்கா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் கணவர் கடலுக்குப் போக முடியாமல் முன் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா வாசல் படலையைத் தொட்டாலே, "எங்கை?" என்று குரல் வரும்.

மறுநாள் கிளையின் இலக்கங்களை மாற்றினேன். வேலணைக் கோப்புகள் திரையில் வந்து நின்றன.

"இனிக் கணக்கை வேலணைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை அக்கா. இருந்த இடத்திலையே அனுப்பலாம்."

"ஓம் பிள்ளை," என்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போது கணவர் கேட்டார்: "அப்ப இவ இனி அங்கை போற வேலை இல்லையோ?"

"இல்லை அண்ணை."

"நல்லதாப் போச்சு. இவ போற நாளிலை வீடு போட்டது போட்டபடி கிடக்கும்."

அக்கா அவருடைய சோற்றுக் கோப்பையில் இன்னொரு மீன்துண்டை வைத்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகு அக்கா சொன்னார். "மாசக் கடைசியிலை கணக்கைக் குடுத்திட்டு, அங்கை பக்கத்திலை மண்கும்பானிலை தங்கச்சி வீட்டை போவன். ரெண்டு பேரும் கடற்கரையிலை இருந்து கதைப்பம். வேறை ஒரு அலுவலுக்கும் என்னை இஞ்சையிருந்து வெளிக்கிட விடமாட்டார்." திரையைக் காட்டினார். "ஏதாவது ஒண்டை, இதுக்குள்ளாலை போகாத மாதிரி விடேலாதோ?"

வேலணை முகாமையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சேர், கணக்கின்ரை பிரதி ஒண்டை டிஸ்க்கிலை போட்டு, அக்கா மாதாமாதம் நேரிலை கொண்டுவந்தால் பாதுகாப்பு." அது பொய்யும் அல்ல.

"அதுவும் சுரங்கத்துக்குள்ளாலை வருந்தானே? பிறகு ஏன் ஆள்?" அவர் சிரித்தார். "நீங்கள்தானே செய்து தந்தனீங்கள்!"

அக்கா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். "பரவாயில்லை. நீர் கேட்டனீர்தானே."

காற்று உடனே விடவில்லை. நான் ஒவ்வொரு காலையும் துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்குள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்தோம். கடைசியில் படகு வந்த அன்று அக்கா துறைவரை வந்தார், கணவரோடு. ஏறுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றார். கையசைக்க மறந்துவிட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து இப்போதும் அந்த இணைப்பைப் பராமரிப்பவள் நான்தான். இடைக்கிடை அக்காவுக்குத் தொலைபேசி எடுப்பேன்.

"தங்கச்சியிட்டைப் போனீங்களோ அக்கா?"

"எங்கை போறது? போனிலைதான் கதைக்கிறனான்."

"வேலணை லைன் எப்பிடி?"

"ஒண்டும் பழுதாகேல்லை, பிள்ளை," என்கிறார். "இன்னும் இல்லை."