அழாத தையல்காரர்

ஊரில் எல்லாரும் அவளை உச்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தபால்காரர், பேருந்து நடத்துநர், மளிகைக் கடைக்காரர் எல்லாருக்கும் அந்தப் பெயர்தான் பழக்கம். கேட்டால் என்னவோ மேகத்தில் உட்கார்ந்து கால் ஆட்டுகிற வேலை மாதிரி இருக்கும். விளங்கின மாதிரிதான்! அவளுக்கு வேலை, ஊரை மேலிருந்து பார்க்கக் கட்டின கோபுரத்து லிஃப்டுக்குள். அதற்கு ஜன்னல் கிடையாது. பன்னிரண்டு பேர் ஏறினால் பதின்மூன்றாவது ஆளாகப் பொத்தான் பலகைக்குப் பக்கத்து மூலையில் அவள் நிற்பாள். மேலே போனதும் கதவு திறக்கும், பன்னிரண்டு பேர் "ஆஹா" என்று இறங்குவார்கள், இன்னொரு பன்னிரண்டு பேர் ஏறுவார்கள், கதவு மூடும். இருபத்து நாலு வருஷமாக இதே கதை. ஊரிலேயே அதிகமாக உயரம் போய் வந்தவள் அவள்தான், ஆனால் மேலே நின்று ஊரைப் பார்த்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தப் பெட்டிக்குள் அவளுக்குத் துணை அவளுடைய குரல். தலைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர். கதவு மூடினதும் பேச ஆரம்பிக்கும், மேலே போய்ச் சேரும்போது முடியும். கோபுரத்தின் வரலாறு, சரியாக இரண்டு நிமிஷம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் பேசிப் பதிவு செய்தது. அவளுக்குத் தொண்டை கட்டினாலும் அதற்குக் கட்டாது, அவளுக்குத் தலைமுடி நரைத்தும் அது இன்னும் முப்பத்தைந்து வயசிலேயே பேசிக்கொண்டிருந்தது.

அந்த வரலாறும் லேசுப்பட்டதில்லை. கோபுரம் எழும்பின காலத்தில் ஊர் அதைத் திட்டின திட்டு கொஞ்சநஞ்சமா? ஒருத்தர் ஊசி என்றார், இன்னொருத்தர் யாரோ சாத்தி வைத்துவிட்டு மறந்துபோன ஏணி என்றார், பத்திரிகையில் வாராவாரம் கேலிப்படம் வந்தது. கட்டினவன் அழகான ஊரை அசிங்கமாக்கிவிட்டான் என்று பேராசிரியர்கள் கட்டுரை எழுதினார்கள். இடித்துத் தள்ளச் சொல்லி மூவாயிரம் பேர் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று போனது. அப்புறம் என்ன ஆயிற்று என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. வருஷம் போகப் போக பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் வரையும்போது அதையும் வரைந்தார்கள், கல்யாண ஜோடிகள் முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். ஒரு தடவை பழுது பார்க்க ஆறு மாசம் துணி போட்டு மூடினபோது, அதே ஊர், "எங்க கோபுரத்தை எப்ப திறப்பீங்க?" என்று சண்டைக்குப் போனது. திட்டுவதற்குச் சொன்ன 'ஊசி'யே செல்லப்பெயராகி, சாவிக்கொத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மனுஷர் மனசைப் பார்த்தீர்களா!

இதில் நிர்வாகத்துக்கு ஒரு குறை. கதைக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்று தேடினார்கள், கிடைத்தது ஒரு தையல்காரர். உடனே யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவிட்டான்: "முதல் கையெழுத்துப் போட்ட தையல்காரர், திறப்பு விழா அன்று இங்கே ஏறி வந்து, தன் ஊரை மேலிருந்து பார்த்து, நான் தப்புப் பண்ணிட்டேன் என்று அழுதார்." லிஃப்ட் பாதி உயரத்தைத் தாண்டும்போது இந்த வரி வரும். வந்ததும் பன்னிரண்டு பேரும் "ச்சு" என்பார்கள். ஒரு நாள் தவறினதில்லை.

அந்தத் தையல்காரர் அவளுடைய அப்பா.

அவர் அழவும் இல்லை, ஏறவும் இல்லை. அவருடைய தையல் மெஷின் மேற்கு ஜன்னலோரம் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் வெளிச்சம் வரும். கோபுரம் எழும்பினதும் இரண்டரை மணிக்கே நிழல் வந்து மெஷின் மேல் உட்கார்ந்துகொண்டது. அதற்குத்தான் கையெழுத்து. பேராசிரியர்கள் சொன்ன அழகு, அசிங்கம் எல்லாம் அவருக்குத் தெரியாது. திறப்பு விழா அன்றைக்குத் தெருவே கூட்டமாகப் போனபோது, கடைக் கதவைச் சாத்திவிட்டு, பல்பு வெளிச்சத்தில் ஒரு கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது வயசுக்காரியாகப் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் பிரித்துக் கொடுத்தவள் இவள்தான்.

இவளுக்குக் கோபுரத்தில் வேலை கிடைத்தபோதுகூட அவர் தடுக்கவில்லை. "எனக்கு டவர் மேலதான் கோவம், உன் சம்பளத்து மேல என்ன கோவம்?" என்று சிரித்துவிட்டார்.

பதிவு செய்த அன்றைக்கு, சுவரெல்லாம் மெத்தை அடித்த ஒரு அறைக்குள் நின்று, அவள் சொல்லித்தான் பார்த்தாள். "சார், இது நடக்கல. அவர் எங்கப்பா." பழைய மேலாளர் ரொம்பச் சந்தோஷப்பட்டார். "உங்கப்பாவா! அப்ப இன்னும் நல்லா உருக்கமா சொல்லலாமேம்மா! ஒரு வரிதானே." வேலை நிரந்தரமாகாத நேரம். மூன்றாவது தடவையில் அவள் குரல் 'அழுதார்' என்ற இடத்தில் லேசாக நடுங்கியது. அவமானத்தில் வந்த நடுக்கம் அது. மேலாளர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அதையே எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு பயம், அப்பா இதைக் கேட்டுவிடக் கூடாது. இரண்டு அறை வீட்டில் அப்பாவும் மகளுமாகத்தான் இருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் கோபுரப் பேச்சே எடுக்கமாட்டாள். அவரும் எடுக்கமாட்டார். அவர் வீம்பு பிடித்தவர், ஏறவே மாட்டார், அது போதும் என்று நிம்மதியாக இருந்தாள்.

அந்த நிம்மதிக்கு நாற்பத்தைந்தாவது வருஷ விழா வந்து வேட்டு வைத்தது. புது மேலாளர் அவளைக் கூப்பிட்டு, "உங்கப்பாவை மேடையேத்தப் போறோம். அன்னிக்கு அழுதவர், இன்னிக்கு மறுபடியும்! எப்படி?" என்றார்.

"அவருக்கு முட்டி வலி சார். எண்பத்தொண்ணு வயசு."

"லிஃப்ட் இருக்கே! நீங்கதானே ஓட்டுறீங்க!"

நல்ல நகைச்சுவைதான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அழைப்பிதழ் அவளுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா தன்னுடைய சாம்பல் நிறக் கோட்டை எடுத்து வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, கூட்டமா இருக்கும். மூச்சு முட்டும்."

"முட்டட்டும்."

"உங்களுக்குத்தான் அந்த டவரே பிடிக்காதே!"

"நான் என்ன அதைக் கட்டிக்கவா போறேன்? வர்றேன்னு போன்ல சொல்லிட்டேன்மா. காலரைப் பாரு, சுருக்கம் தெரியுதா?"

மறுநாள் அவள் லிஃப்ட் மெக்கானிக்கைப் பிடித்தாள். விழா அன்றைக்கு ஒரே ஒரு தடவை அந்தப் பேச்சை நிறுத்து, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினாள். மெக்கானிக் பலகையைத் திறந்து காட்டினான். "அக்கா, கதவுக்குப் போற ஒயரும் இதுவும் ஒண்ணாத்தான் போகுது. எவன் பண்ணின வேலையோ. இதைப் பிடுங்கினா கதவு மூடாது, கதவு மூடலைன்னா லிஃப்ட் கிளம்பாது." ஸ்பீக்கரிலாவது பஞ்சு அடைக்கலாமா என்றாள். மேலாளர் காது பாம்புக் காது என்று சொல்லி அவன் பலகையை மூடிவிட்டான்.

மிச்சம் ஒரே வழி. அவளே சொல்லிவிட வேண்டியதுதான். விழா அன்று காலை டீயை வைத்துவிட்டு ஆரம்பித்தாள். "அப்பா, லிஃப்டுக்குள்ள ஒரு பேச்சு வரும். அதுல..." அப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அதுல சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும்" என்று முடித்தாள். தூ, நானும் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

லிஃப்டில் அப்பா, மேலாளர், போட்டோக்காரர், விருந்தாளிகள் என்று பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். அப்பா அவளுக்கு நேர் எதிரே. ஒரு கை தூரம்கூட இல்லை, திரும்பிக்கொள்ளவும் இடமில்லை. கதவு மூடியது. ஸ்பீக்கர் தொடங்கியது. அவளும் தொடங்கினாள். "கதவுல சாயாதீங்க! பையைக் கீழ வைங்க! காது அடைச்சா எச்சில் முழுங்குங்க!" இருபத்து நாலு வருஷத்தில் அவள் இப்படிக் கத்தினதே இல்லை. மேலாளர் முறைத்தார். அவள் நிறுத்தவில்லை. யாருக்காவது தலை சுத்துதா, தண்ணி வேணுமா, பக்கத்துல கம்பி இருக்கு பிடிச்சுக்குங்க.

"சும்மா இரும்மா" என்றார் அப்பா. "கேக்க விடு."

அவ்வளவுதான், அவள் வாய் மூடிக்கொண்டது. பாதி உயரம் தாண்டியது. முப்பத்தைந்து வயசுக் குரல், நடுங்க வேண்டிய இடத்தில் அழகாக நடுங்கியது. விருந்தாளிகள் "ச்சு" என்றார்கள். அவள் அப்பாவின் கோட்டுப் பித்தானையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேலே காற்று பிய்த்துக்கொண்டு போனது. மேலாளர் மைக்கை நீட்டினார். "ஐயா, அன்னிக்கு நீங்க நிஜமாவே அழுதீங்களா?"

அப்பா மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"ஆமா, அழுதேன். கைக்குட்டை இல்ல. சட்டைக் கையில துடைச்சுக்கிட்டேன்."

கைதட்டல் பிய்த்துக்கொண்டது. போட்டோக்காரர் மண்டி போட்டுப் படம் எடுத்தார். கூட்டம் கேக் பக்கம் நகர்ந்ததும் அவள் அப்பாவைக் கம்பி ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏம்பா அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? பத்தொன்பது வருஷமா அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"யார்கிட்ட?"

"யார்கிட்ட இல்ல? சலூன்ல கேக்குறான், மருந்துக் கடையில கேக்குறான். நீங்க அழுதீங்களாமே, உங்க பொண்ணே சொல்லுதேன்னு. ஊரே இதுல ஏறியிருக்கும்மா, எனக்குத் தெரியாமப் போயிடுமா? இல்லைன்னு சொன்னா என் பொண்ணு பொய் சொல்றான்னு ஆகும். ஆமான்னு சொல்லிட்டு வந்துடுவேன்."

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "ஒரு தடவை என்கிட்ட கேட்டிருக்கலாமே! அப்பவே தூக்கிப் போட்டுட்டு வந்திருப்பேனே! இந்தப் பெட்டிக்குள்ள நான் ஒவ்வொரு தடவையும் செத்துச் செத்து..."

"நீயும்தான் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்" என்றார் அப்பா. "நானா எப்படிம்மா கேப்பேன்? கேட்டா நீ கூனிக் குறுகிப் போவே. அதுக்குத்தான் இந்தப் பக்கமே வராம இருந்தேன். நீ நிக்கிற இடத்துல வந்து நான் எப்படி அதைக் கேட்டுக்கிட்டு நிக்கிறது?"

"அப்ப இன்னிக்கு ஏன் வந்தீங்க?"

"வராட்டி உன்னைத்தானே நோண்டுவாங்க."

மேலாளர் தூரத்திலிருந்து கை காட்டினார். கீழே ஆட்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள், போங்க என்று அர்த்தம். அப்பாவும் கூடவே இறங்கினார். கீழே கதவு திறந்தது, பன்னிரண்டு பேர் வர வேண்டிய இடத்தில் பதினொரு பேர் ஏறினார்கள், ஏனென்றால் அப்பா நகரவில்லை.

"இறங்கலையாப்பா?"

"இன்னொரு தடவை போறேன். மேல அவங்க விட்டாத்தானே பார்க்கிறதுக்கு? ஊரைச் சரியாவே பார்க்கல."

கதவு மூடியது. குரல் தொடங்கியது. ஊசி என்றது, ஏணி என்றது, மூவாயிரம் கையெழுத்து என்றது. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நின்றார். பாதி உயரம் தாண்டியது. அழுதார் என்று அந்தக் குரல் நடுங்கியது. பதினொரு பேரும் "ச்சு" என்று சொல்ல வாயெடுத்தார்கள்.

"அழல!" என்றாள் உச்சியக்கா.

எல்லாரும் திரும்பினார்கள். அவளுக்கு முகம் கொதித்தது. "அவர் அழல. வரவே இல்ல. அன்னிக்குக் கடையைச் சாத்திட்டு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தார். நான் பக்கத்துலதான் இருந்தேன். எனக்குத் தெரியும்."

லிஃப்ட் போய்க்கொண்டே இருந்தது. ஒருத்தர் லேசாகச் சிரித்தார். முன்னால் நின்ற ஒரு அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் ஸ்பீக்கரைக் காட்டி, பாவம் இந்தப் பொம்பளைக்குப் புரியவில்லை என்பதுபோல, பதமாகச் சொன்னாள்.

"இல்லம்மா, அந்தப் பொண்ணுதான் இப்பச் சொல்லுச்சே. எவ்வளவு உருக்கமாச் சொல்லுது! அது பொய் சொல்ற குரலா?"

பக்கத்தில் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்தது. "பார்த்து இறங்குங்க" என்று அவள் சொன்னாள். அவளுக்குத் தெரிந்தது அதுதான்.