டேங்க் நிறைய நுரை

உத்தமபாளையத்தில் கம்பம் ரோட்டில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் ஹக்கீமிடம், உங்கள் வண்டி என்ன மைலேஜ் கொடுக்கிறது என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர் தான் குழாய் வாங்க வந்ததையே மறந்துவிடும் அளவுக்குப் பேசுவார். அவரிடம் இருப்பது டீசல் புல்லட். அந்த வண்டியைச் செய்வதை நிறுத்தி எத்தனையோ வருஷமாகிறது. அதன் தடதட சத்தம் பள்ளிவாசல் திருப்பத்தில் கேட்கும்போதே பக்கத்துக் கடை சுந்தர்ராஜ் டீ சொல்லிவிடுவார். வண்டி வந்து சேர்வதற்குள் டீயும் வந்துவிடும். வேகம் கிடையாது, புகை உண்டு, குலுக்குகிற குலுக்கலில் பின்னால் உட்கார்ந்தவருக்குப் பேச்சே உடைந்து உடைந்துதான் வரும். ஆனால் லிட்டருக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர். ஹக்கீமின் மானம் மரியாதையெல்லாம் அந்த எண்பத்தைந்தில்தான் இருந்தது.

அது எப்படி வந்த கணக்கு என்பதையும் அவரே சொல்வார். வண்டி வாங்கிய புதிதில் ஒரு நாள் பங்கில் நிதானமாக நின்று, டேங்கின் வாய் விளிம்பு வரை டீசல் நிரப்பினார். மீட்டரைப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டார். போடி, ஆண்டிபட்டி, மயிலாடும்பாறை என்று தோட்டந்தோட்டமாகச் சுற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு ஓடும் அவசரத்தில் அதே பங்கில் மறுபடியும் வாய் வரை நிரப்பினார். ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தார். ஊரே அப்படித்தான் பார்க்கிறது. அதற்கப்புறம் அவர் அந்தக் கணக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கு வெள்ளி டேங்கை நிரப்பிவிடுவதால் வண்டி வழியில் நின்றதும் இல்லை. மைலேஜில் தோற்ற கதையைச் சொல்ல வரும் பெட்ரோல் வண்டிக்காரர்களை அவர் பார்க்கும் பார்வையில் கொஞ்சம் இரக்கம்கூட இருக்கும்.

அவருடைய ஒரே மகள் பெனாசிர், பட்டப்படிப்பு முடித்துவிட்டு அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வாரம் தவறாமல் பயிற்சி வகுப்புக்கு அந்த புல்லட்டில்தான் அழைத்துப் போவார். மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று அவசரப்பட்ட மனைவி அம்சத் பீவியை, இந்த ஒரு தேர்வு முடியட்டும் என்று அப்பனும் மகளுமாகச் சேர்ந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். தேறினால் வேலை, இல்லையென்றால் கல்யாணம். வீட்டுக்குள் அதுதான் பேச்சு.

தேர்வு நாள் ஞாயிற்றுக்கிழமை. தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் போட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்குமேல் கேட்டைத் திறக்க மாட்டார்கள். கடைவாசலில் சுந்தர்ராஜும் இன்னும் நாலைந்து கடைக்காரர்களும் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். வண்டியை நிறுத்தி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பும்போது, பெனாசிர் எதிரேயிருந்த பங்கைப் பார்த்தாள்.

"அத்தா, டீசல் போட்டுக்கிருவமா?"

அந்த வெள்ளிக்கிழமை மயிலாடும்பாறையில் வேலை இழுத்துவிட்டதால் ஹக்கீம் டேங்கை நிரப்பியிருக்கவில்லை. அதற்கென்ன, மனக்கணக்கு இருக்கிறதே. எண்பத்தைந்தால் பெருக்கிக் கழித்துப் பார்த்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "தேனி போயி, திரும்பி வந்து, அப்படியே கம்பத்துக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம். அம்புட்டுக் கெடக்கு. ஏறும்மா."

சின்னமனூர் தாண்டி, வீரபாண்டி வருவதற்குள் வண்டி இரண்டு தரம் விக்கி நின்றுவிட்டது. மூடியைத் திறந்து குலுக்கினார். சத்தமே இல்லை. பின்னால் தேனி பஸ் ஒன்று வந்தது. பஸ்ஸில் போய்விடட்டுமா என்று அவள் கேட்டாள். இரண்டே நிமிஷம் பொறு என்றார். டீசல் இல்லாமல் நின்றோம் என்று பஸ்ஸில் இருக்கிற யாராவது ஊரில் போய்ச் சொல்லிவிடுவார்களே என்பதுதான் அந்த நேரத்திலும் அவர் மனசில் ஓடியது. வழியில் போனவர் வண்டியில் தொற்றிக்கொண்டு போய், தண்ணீர் பாட்டிலில் டீசல் வாங்கி வந்து ஊற்றினார்.

பெட்ரோல் வண்டியென்றால் ஊற்றியதும் கிளம்பியிருக்கும். டீசல் வண்டி ஒரு தடவை வறண்டு நின்றால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். திருகாணியைத் தளர்த்தி, காற்றையெல்லாம் வெளியே தள்ளினால்தான் உயிர் வரும். அது ஹக்கீமுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஸ்பேனர் கடையில் இருந்தது. அவர் உதைத்தார், உதைத்தார், சட்டை முதுகோடு ஒட்டும்வரை உதைத்தார். பெனாசிர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவரிடம் கேட்காமலே ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது.

ஒரு மெக்கானிக்கைப் பிடித்து வண்டியைக் கிளப்பி அவர் வீடு வந்தபோது, அவள் முந்தியே வந்திருந்தாள். அம்சத் பீவி நடுவீட்டில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். பெனாசிர் அம்மாவிடம் சொல்லியிருந்தது இதுதான்: பள்ளிக்கூடத்தின் பெயரைத் தப்பாகப் பார்த்து, வேறொரு பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றுவிட்டேன். பேர் வாசிக்கத் தெரியாதவளுக்கு வேலை ஒரு கேடா என்று அம்மா கேட்டாள். ஹக்கீம் கொல்லைப் பக்கம் போய், கையில் இருந்த கரியைக் கழுவினார். கரி போன பிறகும் கழுவிக்கொண்டே நின்றார். உள்ளே போய் நான்தான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தைவிடச் சொல்லாமல் நிற்பது இன்னும் கேவலமாக இருந்தது.

அதன்பின் தன்னைத்தானே தேற்றிக்கொள்ள அவர் என்னென்னவோ செய்தார். டேங்க் கசிகிறது என்று நினைத்தார். கசியவில்லை. யாரோ டீசலை உறிஞ்சியிருக்கிறார்கள் என்று சுந்தர்ராஜையே இரண்டு நாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார். இதற்கிடையில் அம்சத் பீவி கம்பத்தில் ஒரு இடம் பேசி, பெண் பார்க்க வரும் நாளையும் குறித்துவிட்டாள்.

அந்த வாரம் பங்கில் டீசல் போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. எப்போதும்போல நுரை பொங்கி வாய்க்கு வந்திருந்தது. நிறைந்துவிட்டது, போதும் என்று அவர் மூடியை எடுத்தார். ஆனால் மெஷின் நின்றதில் பில்லுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. கரண்ட் வந்ததும் டேங்குக்குள் பார்த்தார். நுரை அடங்கியிருந்தது. டீசல் எங்கேயோ கீழே கிடந்தது. மறுபடி ஊற்றச் சொன்னார், பொறுத்தார், மறுபடி ஊற்றச் சொன்னார். அரை லிட்டருக்கு மேலேயே பிடித்தது.

முதன்முதலில் கணக்குப் பார்த்த அந்த வெள்ளியன்று ஜும்ஆ அவசரத்தில் அவர் நிரப்பியது நுரையை. குறைந்துபோன லிட்டரால் வகுத்துத்தான் அந்த எண்பத்தைந்து. இந்த முறை நுரை இறங்கப் பொறுத்துப் பொறுத்து நிரப்பி, ஓடி, திரும்பவும் அதே மாதிரி நிரப்பிக் கணக்குப் பார்த்தார். அறுபத்திரண்டு. இத்தனை வருஷமாக டேங்க் நிறைய நுரையை ஏற்றிக்கொண்டு ஊருக்கெல்லாம் உபதேசம் செய்திருக்கிறார். கடைத்தெரு வழியாகப் போகக் கூசி, ஆற்றங்கரை வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்தார்.

கம்பத்துக்காரர்களுக்கு என்ன பலகாரம் வைப்பது என்று அம்சத் பீவி கேட்டாள். இந்தப் பிள்ளைக்குப் புத்தி அவ்வளவுதான், நல்ல இடத்தில் போய்ச் சேரட்டும் என்றும் சொன்னாள். பெனாசிர் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்சத்து, பிள்ளையச் சொல்லாத," என்றார் ஹக்கீம். "அது ஸ்கூல மாத்திப் போகல. வழியில டீசல் இல்லாம வண்டி நின்னு போச்சு. என் கணக்கு தப்பு. பஸ்ல போறேன்னுச்சு, நாந்தான் விடல."

அம்சத் பீவி அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை. ஹக்கீம் மகள் பக்கம் திரும்பி, எண்பத்தைந்து இல்லை, அறுபத்திரண்டுதான் என்று ஆரம்பித்தார். நுரையைப் பற்றிச் சொல்ல வந்தார்.

"தெரியும்த்தா," என்றாள் பெனாசிர். "கிளாசுக்குக் கூட்டிட்டுப் போறப்பல்லாம் பின்னாடி உக்காந்து மீட்டரப் பாத்துக்கிட்டுத்தான வருவேன். நீங்க போடுற லிட்டரும் தெரியும். எப்பக் கணக்குப் போட்டாலும் அறுபதுக்கு மேல கொஞ்சந்தான் வரும்."

"தெரிஞ்சுமா அன்னைக்கு ஏறுன?"

"அதான் டீசல் போடுவமான்னு கேட்டேன்ல." அவள் மடித்த துணியைத் திரும்பவும் பிரித்தாள். "அங்கன அம்புட்டுப் பேரு நின்னாக. எங்கத்தா கணக்கு தப்புன்னு அவுக முன்னாடி நான் எப்படிச் சொல்ல?"

அம்சத் பீவி போனை எடுத்து, கம்பத்துக்காரர்களிடம் இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொன்னாள். மகள் முகத்தைப் பார்க்கிற தெம்பு ஹக்கீமுக்கு வரவில்லை.