வெயின் அக்காவின் விரல்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘வெயின் அக்கா’ என்றுதான் பெயர். இருபது வருடமாக ரத்தம் எடுக்கிற கை. எவ்வளவு பருத்த கையானாலும் ஆட்காட்டி விரலை வைத்து லேசாக அழுத்துவாள். அடியில் ‘வெயின்’ என்கிற ரத்தக்குழாய் துள்ளும், ஊசி ஒரே குத்தில் இறங்கும். மற்றவர்கள் மூன்று இடத்தில் குத்திவிட்டு, அசடு வழிய அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு மார்பில் புற்றுக்கட்டி. அறுவை முடிந்து, வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம் மருந்து. முதல் நாளே டாக்டர் விளக்கிவிட்டார். செல்லுக்குள் மெல்லிய குழல்கள் உண்டு. செல் இரண்டாகப் பிரியும்போது அவை நீண்டும் குறுகியும் உள்ளிருப்பதைப் பாதிப் பாதியாக இழுத்துப் பங்கு போடும். மருந்து அவற்றைக் குறுகவிடாமல் இறுக்கிவிடும். பிரிய முடியாத செல் செத்துப்போகும்.

“ஆனா நரம்புக்குள்ளயும் அதே குழல்தாம்மா. விரல் நுனி வரைக்கும் சரக்கு போற ரோடு அது. ரோடு கெட்டா கடைசி ஊருக்குத்தான் முதல் அடி. விரல் மரத்துச்சுன்னா மறைக்காம சொல்லுங்க, அளவைக் குறைக்கணும்.”

குறைப்பதா! கட்டி திரும்பி வந்துவிட்டால்? அவள் வாயே திறக்கவில்லை. ஐந்தாம் வாரம் ரவிக்கைக் கொக்கியைக் கணவர்தான் மாட்டிவிட்டார். ஏழாம் வாரம் வெந்நீர் சுட்டது தெரியவில்லை. அதற்குப் பயப்படக்கூட வரவில்லை அவளுக்கு. “ஜம்முனு இருக்கேன் டாக்டர்” என்று வாராவாரம் கூசாமல் அடித்துவிட்டாள். இவ்வளவு கெட்டிக்காரத்தனத்தை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ!

ஒன்பதாம் வாரம் மருந்து ஏற்ற நர்ஸ் இரண்டு முறை குத்தியும் ரத்தக்குழாய் அகப்படவில்லை.

“அக்கா, என்னைச் சோதிக்கிறீங்களா? நீங்களே தொட்டுக் காட்டுங்க.”

அவள் விரலை வைத்து அழுத்தினாள். ஒன்றும் துள்ளவில்லை. தொடுவது தன் கையையா, நாற்காலிக் கையையா என்றே தெரியவில்லை. குத்துமதிப்பாக ஓரிடத்தைக் காட்டினாள். ஊசி இறங்கியது, ரத்தம் வரவில்லை. நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள், எழுந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்தாள்.

“கண்ணை மூடிக்கங்கம்மா. பஞ்சால விரலைத் தொடுவேன். தொடும்போதெல்லாம் சொல்லுங்க.”

மூடினாள். கொஞ்சம் விட்டு “இப்ப” என்றாள். இன்னும் கொஞ்சம் விட்டு, “இப்ப.” சந்தேகம் வராதபடி விட்டு விட்டு ஆறேழு தடவை சொன்னாள்.

“போதும்மா. கண்ணைத் திறங்க.”

டாக்டர் கையில் பஞ்சுப் பொட்டலம் இன்னும் பிரிக்காமலே இருந்தது. கூட வந்திருந்த கணவர் சுவரைப் பார்த்து நின்றார். நர்ஸ் மருந்துப் பையைக் கொக்கியிலிருந்து கழற்றினாள்.

“விரல் போனா போகட்டும் டாக்டர், மருந்தை நிறுத்திடாதீங்க” என்றாள். நீட்டிய கையை அவள் மடக்கவே இல்லை.