மணலில் புதைந்த கார்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் ஓசூர் போகும்போது, ஓமானில் வேலை செய்யும் என் தம்பி வீடியோ காலில் வந்தான். லீவுக்கு, பாலைவனம் கடலில் போய் முடிகிற இடத்தைப் பார்க்கப் போயிருந்தான்.

"டூரிஸ்ட் யாரும் வராத எடம்க்கா," என்றான்.

அவனுக்குப் பின்னால் கார் பாதி மணலில் புதைந்திருந்தது. அலை டயரைத் தொட்டது.

"கார விட்டுட்டு மேட்டுக்கு ஏறுடா," என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

திரும்பத் திரும்ப அழைத்தேன். போகவில்லை. பக்கத்து சீட் நஸ்ரின் அக்கா, "கூப்புடுவான், இரு," என்று என் கையைப் பிடித்தார்.

கம்பெனி வாசலில் இறங்கும்போது கூப்பிட்டான். மீனவர்கள் கயிறு கட்டிக் காரை இழுத்துவிட்டார்களாம்.

"அம்மாகிட்ட சொல்லிடாதக்கா."

அம்மா ஃபேஸ்புக்கில் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். சித்தி, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.